மூணு மணிக்குள் ஒரு கையெழுத்து

— மொதல்ல அந்தக் கர்ச்சீப்பை மூக்குலேர்ந்து எடு சாமி. மூடிக்கினு பேசுனா ஒண்ணும் புரியல. இன்னாவோ கூட்டணின்னு மட்டும் காதுல வுழுந்துச்சு.

— கூட்டணிதான் ரோஸி. நேத்து சாயங்காலம் முடிவாச்சு. தி.நகர்ல அவா ஆபீஸ்ல வெச்சு.

— அவான்னா எவன்? ஆண்டுகினு கீறவனா, இல்ல இதுக்கு முன்னாடி ஆண்டவனா?

— முன்னாடி ஆண்டவா. அடுத்ததும் அவாதான்னு பேசிக்கறா.

— அத்த ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பேசிக்கினுதான் கீறானுங்க. ஒரு நிமிஷம் இரு, கஸ்டமர் வராரு. அண்ணே, சங்கரா பாரு, கண்ணைப் பாரு, காலைல ஏலத்துல எடுத்தது... பாத்துட்டுப் போறாரு சாமி. கிட்ட வந்து பாப்பாரு, கை வெச்சு அமுக்கிப் பாப்பாரு, அப்பறம் எதிர்க்கடைல போய் வாங்குவாரு. போன எலெக்சன்ல ஒனக்கு ஜனங்க பண்ணது மாரியே. சரி நீ குந்து. இந்த ஐஸ் பொட்டி மேல குந்து. சாக்கு போட்டுக் கீறேன், வேட்டில ஒண்ணும் ஒட்டாது.

— உக்கார நேரமில்லேம்மா. மணி ஒண்ணே முக்கால். மூணு மணியோட வாபஸ் வாங்கற நேரம் முடிஞ்சுடறது. ஆட்டோவை வெளியில நிறுத்தி வெச்சிருக்கேன்.

— யாரு வாபஸ் வாங்கறது?

— அதான் சொல்ல வந்தேன். கூட்டணின்னா கொஞ்சம் விட்டுக் குடுக்கணும், கொஞ்சம் வாங்கிக்கணும். நாம சின்னக் கட்சி...

— சாமி. யாரு வாபஸ் வாங்கறதுன்னு கேட்டேன்.

— நீ.

— ஓ. கர்ச்சீப்பு மீன் நாத்தத்துக்கு இல்ல. மூஞ்ச மறைச்சுக்கத்தான் கொண்டாந்திருக்க.

— கோச்சுக்காதே. முழுசாக் கேளு. நாம மொத்தம் ஒம்பது வார்டுல நிக்கறோம். ரெண்டு வார்டை அவா நமக்கு விட்டுத் தரா. அந்த ரெண்டுலயும் அவா கேண்டிடேட் வாபஸ் வாங்கிப்பா, நாம நேரா நிக்கலாம். பாக்கி ஏழுலயும் நாம விலகிக்கணும். ஆறு பேர் காலம்பறயே எழுதிக் குடுத்துட்டு வந்தாச்சு. தரமணி சக்திவேல் மட்டும் கொஞ்சம் அழுதான். ஆபீஸுக்கு லீவு போட்டு நோட்டீஸ் அடிச்சு வெச்சிருந்தானாம். ஆனாலும் குடுத்துட்டான். நீ ஒருத்திதான் பாக்கி.

— அந்த ரெண்டு எடம் எது எது?

— வேளச்சேரி பக்கம் ஒண்ணு. தீபிகா நிக்கறாளே, அது.

— இன்னொண்ணு?

— மந்தவெளி.

— மந்தவெளில நம்ம கட்சிக்கு யாரு நிக்கறது?

— தெரிஞ்சுண்டே கேக்கறயே.

— உன் வாயால சொல்லு.

— நான்தான் நிக்கறேன்.

— அப்படி வா. தங்கம், ஏ தங்கம்! என் கடைய ஒரு நிமிஷம் பாத்துக்க, யாராவது வஞ்சரம் கேட்டா குடு. கட்சித் தலைவரு என்னை வூட்டுக்கு அனுப்ப ஆட்டோ எடுத்துக்கினு வந்துக் கீறாரு.

— கத்தாதே ரோஸி. எல்லாரும் பாக்கறா.

— பாக்கட்டும். நாமினேஷன் பண்ண போவ சொல்ல இந்த வரிசையே வேவாரத்தை வுட்டுட்டு என் கூட வந்துச்சு. முப்பத்தி ரெண்டு பொம்பளைங்க. ஐஸ் உருகி மீனு போனாலும் பரவால்லன்னு வந்துச்சுங்க. அதுங்களுக்குத் தெரிய வேணாவா?

— சத்தியமாச் சொல்றேன், எனக்குன்னு கேட்டு வாங்கலே. அவாளேதான் மந்தவெளின்னு சொன்னா.

— வோணான்னு நீ சொன்னியா?

— சொல்லலே. சொல்லத் தோணலே. பதினாலு வருஷம் ஆச்சு ரோஸி. கட்சி ஆரம்பிச்சப்போ நாப்பது பேர் இருந்தோம். பாதிப் பேர் இந்தக் கட்சிக்குப் போனா, பாதிப் பேர் அந்தக் கட்சிக்குப் போனா, நாலு பேர் அமெரிக்கா போனா. மூணு எலெக்ஷன் நின்னேன். மூணுலயும் டெபாசிட் போச்சு. போன தடவை என் பூத்துல எனக்கு விழுந்த ஓட்டு நாலு. எங்காத்துல ஓட்டு அஞ்சு.

— அடப்பாவி. அந்த அஞ்சாவது யாரு?

— இன்னிவரைக்கும் கேக்கலே. கேட்டா உண்மையைச் சொல்லிடுவாளோன்னு பயம். இப்ப எனக்கு அறுபத்தொம்போது வயசு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கவுன்சிலரா உள்ள போய் உக்காந்து, அந்த மைக்கைப் பிடிச்சுண்டு, கட்டாத கட்டடத்துக்கு எப்படிய்யா கணக்கெழுதினேள்னு கேட்டுடணும். அதுக்கப்பறம் நான் போனாலும் சரி. ஆசைதான். ஒத்துக்கறேன்.

— ஆசைப்படறது தப்பில்ல சாமி. என் எடத்தைக் குடுத்து ஆசைப்படறியே, அதான் வயிறு எரியுது.

— உன் எடம்னு சொல்லாதே. ஒரு வார்டு யாருக்கும் சொந்தமில்லே.

— வார்டு இல்ல, எடம். இதோ, தங்கத்துக்கு அந்தாண்ட காலியா ஒரு அன்னக்கூடை கவுத்து வெச்சுக் கீது பாரு. அது கோவிந்தம்மா எடம். ஆபரேசன் ஆகி ராயப்பேட்டைல படுத்துக்கினு கீது, நாப்பது நாளு ஆச்சு. இந்த வரிசைல எடத்துக்கு அவ்ளோ அடிச்சிக்கிறோம், முடியப் புடிச்சு சண்ட போட்டுக்கிறோம். ஆனா அந்தக் கூடைய எவளும் தொட மாட்டா. வராதவ எடத்துல குந்தக் கூடாது, வராதவ எடத்தை இன்னொருத்திக்குக் குடுக்கவும் கூடாது. இங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவ நாலு பேரு கூட இல்ல. எங்களுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியல. அன்னிக்கு ஸோனல் ஆபீஸ் வாசல்ல இன்னா சொன்ன? இவதான் எங்க ஆளுன்னு கட்சி எழுதிக் குடுக்கற பி பாரத்தை என் கைல குடுத்துட்டு?

— ஞாபகமில்லே.

— எனக்குக் கீது. "இது உள்ள போய் நாமினேஷன் நேரம் முடிஞ்சுட்டா, நானே நெனச்சாலும் உன்னை மாத்த முடியாது ரோஸி. பெரிய கட்சிகள்ல கடைசி நிமிஷத்துல பேரை அடிச்சுட்டு வேற பேர் எழுதுவான். நம்ம கட்சில அது நடக்காது. அதுக்காகத்தான் மொத நாளே குடுக்கறேன்." சொன்னியா இல்லியா? தங்கம் கை தட்டுனா.

— சொன்னேன். அதனாலதான் இப்ப இந்த வெயில்ல வந்து உன் முன்னால நிக்கறேன். குடுக்காம என் கைலயே வெச்சிருந்தா அந்த பாரமே உள்ள போயிருக்காது. இப்ப என்னால உன் பேரை அடிக்க முடியாது. நீயா கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. போடலேன்னா மெஷின்ல உன் பேரும் நம்ம குழாய் சின்னமும் அவாளுக்கு எதிரா அப்படியே நிக்கும். அப்ப மந்தவெளில அவா ஆளும் வாபஸ் வாங்க மாட்டான். ஏழுல ஒண்ணு குறைஞ்சாலும் ஒப்பந்தம் கிடையாதுன்னுட்டா.

— அப்ப நான் நின்னா நீ தோத்துடுவ.

— ஆமாம்.

— நான் நிக்கலன்னா நான் மனுசியா நடமாட முடியாது. தெரியுமா அது? நாளைக்குக் காலைல நான் ஏலத்துக்கு வந்து நிப்பேன். அத்தினி பேரும் என் மூஞ்சியப் பாப்பான். "ரோஸி, பெட்டி எவ்ளோ பெருசு? கட்சிக்காரன் எவ்ளோ குடுத்தான்?" வாய் தொறந்து கேக்கக் கூட மாட்டான், சிரிப்பான். போன தபா அந்த முருகையன் சுயேச்சையா நின்னு வாபஸ் வாங்கினானே, இன்னிக்கி வரைக்கும் அவன் வாங்கின செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டரப் பாத்து "வாபஸ் வண்டி"ன்னுதான் குப்பமே கூப்புடுது. அந்தாளு உண்மைல பத்து பைசா வாங்கல. சொன்னா எவன் நம்புறான்?

— நான் வந்து எல்லார் முன்னாலயும் சொல்றேன். ரோஸி ஒரு பைசா வாங்கலே, கட்சி முடிவுன்னு.

— நீ சொன்னா உன் வூட்ல அஞ்சாவது ஆளே நம்ப மாட்டாங்க. குப்பம் நம்புமா?

— சரி, வலிக்கற மாதிரிதான் பேசுவே. பேசு. ஆனா கணக்கையும் பாரும்மா. உனக்கு எவ்வளவு விழும்? எண்ணூறு, மிஞ்சிப்போனா ஆயிரம். ஜெயிக்கறவனுக்கு ஐயாயிரம் வேணும். அந்த ஆயிரமும் எங்கேர்ந்து வரும்? ஆள்ற கட்சி மேல கோவமா இருக்கறவாகிட்டேர்ந்துதான் வரும். நீ ஓட்டைப் பிரிச்சா யாருக்கு லாபம்? ஆள்றவாளுக்குத்தானே?

— இன்னா சொன்ன? பிரிக்கிறனா?

— எல்லாரும் அப்படித்தான்...

— பிரிக்கறதுக்கு அது இன்னா அவுங்க அப்பன் வூட்டுச் சொத்தா? ரெண்டு அண்ணன் தம்பிக்கு எழுதி வெச்ச வீடு, நடுவுல மூணாவதா நான் வந்து பங்கு கேக்கறேனா? என் ஓட்டு, தங்கம் ஓட்டு, கோவிந்தம்மா ஓட்டு. எங்க கைல கீது. அத்த நாங்க எங்களுக்குப் போட்டுக்கினா அதுக்குப் பேரு பிரிக்கறதா? இந்த வார்த்தைய எவன் சாமி ஒனக்குச் சொல்லிக் குடுத்தான்? நீ இத்தப் பேசற ஆளே இல்லையே.

— ஊரே பேசறது. குழாய்க்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடும்னு பேசறது.

— இருவத்தஞ்சு வருசமா அவனுக்கொரு தபா இவனுக்கொரு தபா போட்டேனே, அதெல்லாம் பேங்குலயா போட்டு வெச்சுக் கீறேன்? காலைல மூணு மணிக்கு வரோம், மதியம் மூணுக்குப் போறோம். நடுவுல ஒண்ணுக்குப் போவ ஒரு எடமில்லன்னு எத்தினி தபா கேட்டோம்? ரெண்டு பேராண்டயும் கேட்டோம். நீ பீச்சுல வாக்கிங் வந்தவன். எங்களப் பாத்துட்டு நீயா நின்னு இன்னா பிரச்சனன்னு கேட்ட. அந்த ஒரு கேள்விக்குத்தான் சாமி நான் உன் கட்சிக்கு வந்தேன். மனு போட்ட. பதில் வந்துச்சு. அத்த எடுத்துக்கினு வந்து இதே எடத்துல நின்னு படிச்ச.

— பெண்கள் கழிப்பறை, நான்கு அறைகள், தண்ணீர்த் தொட்டியுடன், பணி முடிந்தது.

— பணி முடிஞ்சுதாம்! ஒரு கட்சி காகிதத்துல கட்டுச்சு. அடுத்து வந்த கட்சி அதுக்குக் காகிதத்துலயே பெயின்ட் அடிச்சுச்சு. அன்னிக்கு இந்த வரிசை சிரிச்ச சிரிப்பு ஒனக்கு ஞாபகம் கீதா? தங்கம் புருசனாண்ட சண்டன்னா "போடா, நான் போய் எங்க கக்கூஸ்ல தங்கிக்கிறேன்"னு சொல்லுவா. சிரிச்சுக்கினே பேசுவோம், அப்பறம் கடலப் பாத்துக்கினு சும்மா குந்திருப்போம். அந்த வயித்தெரிச்சல் எனக்குத்தான் தெரியும். இன்னிக்கு நீ அந்தக் கக்கூஸைக் கட்டினவனாண்ட போய் கை குலுக்கிட்டு வந்துட்ட. மிச்சம் இருக்கறது பெயின்ட் அடிச்சவன். ரெண்டு பேருக்கும் நடுவுல நாங்க எங்க போவோம், நீ சொல்லு?

— உள்ள போனா நான் அதைத்தான் மொதல்ல கேப்பேன். நம்பு.

— எப்படிக் கேப்ப? அவுங்க தயவுல உள்ள போயி, அவுங்களையே கேப்பியா? மைக்கு ஆன் ஆவுமா ஒனக்கு? ஆயிரம் ஓட்டுன்ற. நீ லிஸ்டை வெச்சுக்கினு கணக்கு போடுற. எனக்கு லிஸ்டு வேணா. இந்த அபார்ட்மென்டுங்கள்ல பதினெட்டு வருசமா கூடை தூக்கிக்கினு ஏறி எறங்கி கீறேன். எந்த வூட்ல மாமியாருக்கு சுகரு, எந்த வூட்ல சுறாப் புட்டு வோணும்னு கேக்கப் போற புள்ளத்தாச்சி கீது, எந்த வூட்ல வாரத்துல ரெண்டு நாளு வாட்ச்மேனுக்குத் தெரியாம பின்கதவால மீன் வாங்கறாங்க, எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பின்கதவு வூடுங்கள்ல மட்டும் அறுவது ஓட்டு கீது. ஒனக்குத் தெரியாது, உங்க ஆளுங்கதான் அது.

— பகவானே.

— ஜெயிப்பேன்னு சொல்லல. தோத்தா தோத்துட்டுப் போறேன். தோத்தவன்னு சொன்னா தாங்கிக்குவேன். வித்தவன்னு சொன்னா தாங்க மாட்டேன்.

— உங்காத்துக்காரரே வேண்டாம்னு சொல்றார். நேத்து ஜான்சனை லஸ்ல பார்த்தேன். "சார், அவ எதுக்கு சார் உங்க கட்சில நிக்கறா, சொல்லிப் புரிய வைங்க"ன்னார். வீட்டுல பேச்சுவார்த்தையே இல்லையாமே?

— ஆமா. பதினோரு நாளாப் பேசல. நான் வெச்ச சோத்தைத் துன்றதில்ல, அவங்க அக்கா வூட்ல துன்றாரு.

— பார்த்தயா? நீ நிக்கறது உன் குடும்பத்துக்கே பிடிக்கலே.

— நான் நிக்கறது புடிக்கலன்னா சொன்னாரு?

— உங்க கட்சில எதுக்கு நிக்கறான்னார்.

— அதான். உங்க கட்சில. அந்த வார்த்தைய நீ சரியாக் கேக்கல.

— புரியலே.

— வுடு சாமி. மணி ஆவுது. நீ கெளம்பு.

— இல்லே, சொல்லு. இன்னும் முக்கால் மணி இருக்கு. என்ன நடந்தது?

— நாமினேஷன் தொடங்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. காலைல கரைல ஏலம் நடந்துக்கினு கீது. வெள்ளை வேட்டி கட்டினு ஒரு ஆளு மணல்ல செருப்பக் கைல எடுத்துக்கினு வராரு. கூட நாலு பேரு. பகுதிச் செயலாளரு அய்யாதுரை.

— எந்த அய்யாதுரை?

— நேத்து நீ கை குலுக்கினு போட்டோ எடுத்துக்கினியே, வாட்ஸப்புல வந்துச்சே, அதே அய்யாதுரை.

— அவர் எதுக்கு உன்கிட்ட வந்தார்?

— எங்க குப்பத்துல அவுங்களுக்கு நிறுத்தறதுக்கு ஆளு இல்ல. லேடீஸ் வார்டு வேற. "எங்க சின்னத்துல நில்லும்மா, செலவெல்லாம் கட்சி பாத்துக்கும், நீதான் கவுன்சிலர், எழுதி வெச்சுக்க"ன்னாரு. ஜான்சன் அங்கயே நின்னுகினு கீறாரு. அப்பவே அவுரு மூஞ்சி கவுன்சிலர் புருசன் மூஞ்சி ஆயிடுச்சு.

— நீ என்ன சொன்னே?

— இன்னா சொல்லுவேன்? மயிலாப்பூர்ல ஒரு பெரியவருக்கு வாக்கு குடுத்துட்டேன், குழாய்லதான் நிப்பேன்னு சொன்னேன். சிரிச்சாரு. "எந்தக் குழாய்ல தண்ணி வரும்னு பாத்து நில்லும்மா"ன்னுட்டு மணலத் தட்டிக்கினு போயிட்டாரு. அன்னிக்கிலேர்ந்து ஜான்சன் பேசல. ஜெயிக்கற சீட்ட காறித் துப்பிட்டு, தோக்கற ஐயரு பின்னாடி போறேன்னு.

— ரோஸி... இதை ஏன் என்கிட்ட அன்னிக்கே சொல்லலே?

— சொன்னா நீயே அனுப்பி வெச்சிருப்ப. "போ, போய் ஜெயி, ஒருத்தியாவது உள்ள போங்கோ"ன்னுருப்ப. ஒனக்கு மனசு எளகிடும். அதான் சொல்லல. அதுவும் இல்லாம, அவுங்க சின்னத்துல ஜெயிச்சா அவுங்க வூட்டு வேலைக்காரியாத்தான் உள்ள போவேன். கக்கூஸப் பத்திக் கேக்க சொல்ல என் மைக்கும் ஆன் ஆவாது.

— அவா சீட்டையே உன்கிட்ட குடுக்க வந்தாளா? நேரா உன்கிட்ட?

— மணல்ல நடந்து வந்து குடுத்தாங்க. நீ அவுங்க ஆபீஸுக்குப் போயி, வரிசைல நின்னு, மணிக்கணக்கா காத்துக்கினு இருந்து, ரெண்டு எடத்துக்கு ஏழு பேர வித்துட்டு வந்துக் கீற. போட்டோவுல நீதான் குனிஞ்சுகினு கீற சாமி. அவுரு நிமுந்துகினு கீறாரு.

— போறும்மா.

— அழுவுறியா? இந்தா, தண்ணி குடி. மீன் கை படல, பாட்டிலுதான். அழுவாத. எனக்கு ஒன் மேல கோவம் தீரல, ஆனா நீ அழுதா எனக்கு ஒரு மாரி ஆயிடும்.

— அந்த ஆறு பேர் எழுதிக் குடுத்துட்டாளே. இனிமே அதை மாத்த முடியாது. சக்திவேல் பையன் அழுதான் ரோஸி. நான் அவன் முதுகைத் தட்டிக் குடுத்து, அரசியல்னா இப்படித்தான்டான்னு சொன்னேன். பதினாலு வருஷமா எவன் அப்படிச் சொன்னாலும் நான் சண்டை போடுவேன். அந்த வார்த்தை என் வாயிலேர்ந்து வந்துடுத்து.

— வந்துச்சுன்னா இப்ப இன்னா பண்றது. தப்பு பண்ணவன் நீ மட்டுமா? நான் ரெண்டு தபா அவுங்களுக்குக் கொடி புடிச்சுக் கீறேன்.

— நாம மூணு பேர்தான் மிச்சம். நீ, தீபிகா, நான்.

— நீயுமா? நீ இன்னும் அவுங்க கூட்டணில கீற. போன் அடிக்குது சாமி.

— தெரியறது.

— எடு. எடுத்து இன்னா சொல்லணுமோ சொல்லு. நான் அந்தாண்ட போறேன்.

— போகாதே. இங்கயே இரு... ஹலோ. ஆமாம் அய்யாதுரை சார், ஸ்வாமிநாதன்தான். மார்க்கெட்லதான் இருக்கேன்... மணி தெரியும் சார், ரெண்டரை ஆயிடுத்து... பார்த்தேன், பேசினேன்... இல்லே, கையெழுத்துப் போட மாட்டா. நானும் இனிமே கேக்க மாட்டேன்... கத்தாதீங்கோ, நன்னாக் கேக்கறது... ஒப்பந்தம் எங்க கட்சிக்கு வேண்டாம் சார். மந்தவெளில உங்க ஆளை வாபஸ் வாங்கச் சொல்லாதீங்கோ, அவர் தாராளமா நிக்கட்டும். எதிர்ல நானும் நிக்கறேன்.